கோடாலித் தைலமும் மெனோரா சுரங்கப்பாதையும்: சி.பி.டி. சிகிச்சையைப் பாதியில் விட நினைக்கும் வாசகிக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், குவாலா கங்சார் பக்கத்துத் தோட்டப்பட்டணம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 39. செம்பனை எண்ணெய் மில் ஆபீசில் கிராணி வேலை. கணவர் லோரி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். ஆறு பக்கக் கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பதினான்கு மாதத்துக்கு முன் ஈப்போவில் அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, மெனோரா சுரங்கப்பாதைக்குள் கார் ஓட்டிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்நுனி மரத்துப்போய், “இதோட முடிஞ்சிச்சு” என்று தோன்றியிருக்கிறது. அன்றிரவு எமர்ஜென்சிக்குப் போனார். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. மூன்று வாரம் கழித்து பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மறுபடி வந்தது. மறுபடி எமர்ஜென்சி, மறுபடி “ஒன்றுமில்லை”. அதிலிருந்து ஈப்போ போக வேண்டுமென்றால் சுரங்கப்பாதையை விட்டு சுங்கை சிப்புட் வழியாகப் பழைய ரோட்டில்தான் போகிறார். தனியாகக் கடைக்குப் போவதில்லை. கைப்பையில் கோடாலித் தைலம், தண்ணீர் பாட்டில், கிளினிக்கில் கொடுத்த ஒரு மாத்திரை அட்டை. போன தைப்பூசத்தில் மகள் குனோங் சீரோ கோயிலில் பால்குடம் எடுத்தாள், இவர் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவின் அம்மா ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போக, செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்டிவிட்டார்கள். தோழி ஒருத்தி ஈப்போவில் தனியாகப் பிராக்டிஸ் செய்யும் ஓர் உளவியலாளரிடம் சி.பி.டி.க்கு அனுப்பினார். பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை அது. சீனப் பெண்மணி, பேச்சு ஆங்கிலத்தில், ஒரு தடவைக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து தடவை போயாகிவிட்டது. நான்காவது தடவை நாற்காலியில் சுற்ற வைத்தார், ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னார். அந்த அறையிலேயே படபடப்பு வந்துவிட்டது. “காசு குடுத்து வாங்குன படபடப்பு” என்று எழுதியிருக்கிறார். (சகோதரி, இந்த வரிக்குச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.) நிறுத்திவிடலாமா, இவர் உண்மையான ஆள்தானா, மில்லில் தெரிந்துவிடுமா என்பவை கேள்விகள். கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: “சில ராத்திரி தூங்கி எழுந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது.”

அந்தப் பென்சில் வரி

அன்புள்ள சகோதரி, நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். பதினான்கு மாதம் பயந்து பயந்து களைத்துப்போன மனதுக்கு இப்படித் தோன்றுவது அபூர்வம் இல்லை. “சாக வேண்டும்” என்பதும் “இது நின்றால் போதும்” என்பதும் வேறு வேறு. உங்கள் வரி இரண்டாவது ரகம் போலத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் கடிதத்தை வைத்து நான் அதை முடிவு செய்யக் கூடாது. அடுத்த தடவை உட்கார்ந்ததும் முதல் வேலையாக உங்கள் சிகிச்சையாளரிடம் இதைச் சொல்லுங்கள். ஐந்து தடவையில் இதை நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால் அடுத்த தடவைவரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் ஒருவரை எழுப்பி எமர்ஜென்சிக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555 இருக்கிறது. மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேட்கலாம், தப்பில்லை.

சொன்னால் போலீஸ் வரும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னொரு பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பேராக்கில் பிறந்தவர் மனதில் அது இல்லாமல் இருக்காது. தஞ்சோங் ரம்புத்தான். 1911-லிருந்து அங்கே இருக்கும் மனநல ஆஸ்பத்திரியின் ஊர்ப்பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். லயத்தில் யாராவது தனியாகப் பேசினால் போதும், “டிக்கெட் எடுத்துக் குடுத்துடு” என்பார்கள். படபடப்புக்கும் இப்படிப்பட்ட எண்ணத்துக்கும் வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான். படபடப்பு முற்றிப்போய்ப் பைத்தியமாகிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். இது அந்தப் பாதையில் போகும் நோயே இல்லை.

நெஞ்சுக்குள் என்னதான் நடக்கிறது

எமர்ஜென்சியில் “ஒன்றுமில்லை” என்று சொன்னது பாதி உண்மை. இதயத்தில் ஒன்றுமில்லை. உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக். அதுவும் உடம்பில் நடப்பதுதான், கற்பனை இல்லை. உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைக் கொட்டுகிறது. மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். இதுவரை ஆபத்தில்லை. அடுத்த நொடி நடப்பதுதான் முக்கியம்: “நெஞ்சு அடிக்குதே, அட்டாக்தான்” என்று மனம் அர்த்தம் சொல்கிறது. அந்த அர்த்தம் இன்னும் அட்ரினலினை இழுத்து வருகிறது, நெஞ்சு இன்னும் அடிக்கிறது, அர்த்தம் இன்னும் உறுதியாகிறது. இந்தச் சுழலைத்தான் ஆக்ஸ்ஃபர்டில் இருந்த டேவிட் கிளார்க் 1986-ல் தெளிவாக எழுதிக் காட்டினார். இன்று பேனிக்குக்குச் செய்யும் சி.பி.டி.யில் பெரும்பகுதி அதன்மேல் கட்டியதுதான்.

மயங்கி விழுந்துவிடுவேன் என்று கடிதத்தில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன்: இந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனை தடவை விழுந்தீர்கள்? ஒரு தடவைகூட இல்லை. மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் சட்டென்று விழும்போது வருவது. பேனிக் வரும்போது அழுத்தம் ஏறுகிறது. அதனால் அந்த நேரத்தில் மயங்கி விழுவது ரொம்ப அபூர்வம். ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்குகிறவர்கள் கதை வேறு. தலை கிறுகிறுக்கும், விழப்போவதுபோல இருக்கும், ஆனால் விழ மாட்டீர்கள்.

உடனே உங்கள் பதில் எனக்குக் கேட்கிறது: “தைலம் தேச்சேன், அதனாலதான் விழல.”

சரி, அந்தக் குப்பிக்கு வருவோம். பேனிக் தானாகவே சில நிமிடங்களில் உச்சிக்குப் போகும், அப்புறம் தானாகவே இறங்கும். எதுவும் செய்யாமல் நின்றாலும் இறங்கும். உச்சியில் இருக்கும்போது தைலத்தை எடுத்துத் தேய்க்கிறீர்கள், கொஞ்ச நேரத்தில் குறைகிறது. பெயர் யாருக்குப் போகிறது? எங்கள் தோட்டத்தில் கல்யாண வீடென்றால் பாட்டி ஒருத்தி ஈர்க்குச்சியில் மிளகாயையும் வெங்காயத்தையும் குத்திக் கொல்லையில் நட்டு வைப்பார், மழை வரக் கூடாதென்று. வந்த மழையும் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். “பாத்தியா?” என்பார். நட்டு வைக்காமல் ஒரு கல்யாணம் நடத்திப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. உங்கள் கைப்பைக்குள் தைலம், தண்ணீர், மாத்திரை, பாசார் மாலாமில் கணவரின் கை, கடையில் வாசல் பக்கத்து இடம் எல்லாமே அந்த ஈர்க்குச்சிதான். இவற்றை எங்கள் மனநலத் தொழிலில் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறோம். கெட்ட பழக்கம் என்று சொல்லவில்லை. ஆனால் அவை இருக்கும்வரை, “அவை இல்லாமலும் நான் பிழைத்துக்கொள்வேன்” என்பதை உங்கள் மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது.

கயிற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், கழற்ற வேண்டுமா என்று. அதைச் சொல்ல நான் யார்? சாமி கும்பிடுவதும் விபூதி பூசுவதும் இந்தச் சிகிச்சைக்கு எதிரி இல்லை. கயிறு இல்லாவிட்டால் வாசல்படி தாண்ட முடியாது என்றாகும்போது மட்டும் அதுவும் குப்பியோடு சேர்ந்துவிடுகிறது. செய்வினை கழிக்க ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

நாற்காலியில் சுற்றவிட்டது ஏன்

இதைப் படித்தபின் உங்களுக்கே பிடிபட்டிருக்கும். அறைக்குள் வேண்டுமென்றே கிறுகிறுப்பையும் மூச்சுமுட்டலையும் வரவழைத்து, அது வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்கே காட்டுவதுதான் அது. அந்தப் படபடப்பு சிகிச்சை தப்பிப்போனதால் வரவில்லை, சிகிச்சையே அதுதான். ஆலோசனை கேட்டு, ஆறுதல் வாங்கி, மனம் லேசாகித் திரும்பலாம் என்று போனீர்கள். நம்மவர்கள் பலரும் அப்படித்தான் போகிறார்கள். சி.பி.டி. கொஞ்சம் டிரைவிங் வகுப்பு மாதிரி. பக்கத்தில் ஆள் இருப்பார், ஸ்டியரிங் உங்கள் கையில். நல்லதையே நினை என்று சொல்லித் தருவதும் இல்லை. 1960-களில் பிலடெல்ஃபியாவில் ஏரன் பெக் இதைத் தொடங்கியபோதே, நோயாளியின் எண்ணத்தை ஒரு யூகமாக வைத்துக்கொண்டு சேர்ந்து சோதித்துப் பார்ப்பதுதான் முறை.

ஆனாலும் உங்கள் சிகிச்சையாளர் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஏன் சுற்றவிடுகிறார் என்பது உங்களுக்கு விளங்கவில்லை என்றால், அவர் சொன்னவிதம் போதவில்லை. அல்லது சொல்லியிருப்பார், நீங்கள் மரியாதைக்குத் தலையாட்டியிருப்பீர்கள். “அண்டர்ஸ்டேண்ட்?” என்று கேட்டால் “யெஸ்” சொல்லிப் பழகியவர்கள் நாம். இன்னொன்று: மூச்சுப் பயிற்சிக்கு முன் ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் இருக்கிறதா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள். தைராய்டும் ரத்தசோகையும் படபடப்பைக் கொண்டுவரும். எமர்ஜென்சியில் அவற்றைப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லையென்றால் கிளினிக்கில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எந்த மொழியில் பயப்படுகிறீர்கள்

எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடம் இது. நீங்கள் அனுப்பிய வீட்டுப்பாடத் தாளைப் பார்த்தேன். ‘எண்ணம்’ என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில், பதற்றமாக உணர்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வரிசையிலும் அதே வாக்கியம். அது எண்ணம் இல்லை, உணர்ச்சிக்கு வைத்த பெயர். சுரங்கப்பாதைக்குள் உங்கள் தலைக்குள் ஓடியது அது இல்லை என்று பந்தயம் கட்டுவேன். “ஐயோ, வண்டிய எங்கயாவது மோதி அம்மாவையும் சேத்துக் கொன்னுருவேன், புள்ளைங்களுக்கு யாரு இருக்கா” என்று ஓடியிருக்கும். சோதிக்க வேண்டியது இந்த வாக்கியத்தை. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அதை மொழிபெயர்க்கும்போது விஷம் முழுக்க வடிந்துபோய், சிகிச்சையாளர் கையில் வெறும் சக்கை கிடைக்கிறது.

அதனால் இனி தாளைத் தமிழில் எழுதுங்கள், தலைக்குள் கேட்ட மாதிரியே, பேச்சுத் தமிழில், வசவு வந்தால் வசவோடு. அங்கே போனதும் தமிழில் வாசித்துவிட்டு, அப்புறம் முடிந்தவரை ஆங்கிலத்திலோ மலாயிலோ விளக்குங்கள். நல்ல சிகிச்சையாளர் இதை மறுக்க மாட்டார், வரவேற்பார். தமிழ் பேசுகிறவரைத் தேடி மாறலாமே என்று கேட்கலாம். கிடைத்தால் நல்லதுதான். ஆனால் பேராக்கில் பேனிக்குக்கு முறையாக சி.பி.டி. செய்யத் தெரிந்தவரை விட்டுவிட்டு, தமிழ் தெரிந்த ஒரே காரணத்துக்காக இன்னொருவரிடம் போவதை நான் சொல்ல மாட்டேன்.

பணம், பதிவு, ரகசியம்

உண்மையான ஆளா என்று பார்ப்பது எப்படி. ‘கவுன்சிலர்’ என்று சொல்லிக்கொள்கிறவர் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் லெம்பாகா கவுன்சிலரில் (கவுன்சிலர்கள் வாரியத்தில்) பதிந்து, செல்லுபடியாகும் பிராக்டிஸ் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகள் 2016-ஆம் ஆண்டின் 774-வது சட்டத்தின்கீழ் வருகிறார்கள். மனநல மருத்துவர் மருத்துவ மன்றத்தில் பதிந்தவர். பதிவு எண்ணைக் கேளுங்கள், சி.பி.டி.யில் என்ன பயிற்சி என்றும் கேளுங்கள். ‘தெராபிஸ்ட்’, ‘கோச்’ என்ற பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் அதை நம்பி 180 வெள்ளி கொடுக்காதீர்கள். கேட்டால் கோபப்படுவார்களோ என்று யோசிக்க வேண்டாம். என்னிடம் கேட்டவர்கள்மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

எவ்வளவு நாள், எவ்வளவு பணம். பேனிக்குக்குச் சி.பி.டி. மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்பது பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு சொல்லும் கணக்கு. பன்னிரண்டு தடவை என்று வைத்தால் உங்களுக்கு 2,160 வெள்ளி. 900 ஏற்கெனவே கொடுத்தாயிற்று. உங்கள் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. முடிவே தெரியாமல் வாராவாரம் போய்க்கொண்டிருப்பதுதான் உண்மையில் வீண்செலவு. எத்தனை தடவை, எதை வைத்து முன்னேற்றத்தை அளக்கிறோம், எப்போது முடிப்போம் என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக்கலாமா, சிலவற்றை வீடியோவில் செய்யலாமா என்றும் கேட்கலாம். பெட்ரோலும் டோலும் மிஞ்சும். ஆனால் உங்கள் விஷயத்தில் ஈப்போ போவதே பாதி மருந்து என்பதால் எல்லாவற்றையும் வீடியோவுக்கு மாற்றாதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதிந்த மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அல்லது கவுன்சிலரிடம் செய்த மனநல ஆலோசனைக்கு வருமான வரியில் 1,000 வெள்ளி வரைக்குள் கழிவு கேட்கலாம்.

பணம் தாங்காவிட்டால். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளியில் தொடங்கி, அங்கிருந்து கடிதம் வாங்கி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களும் உண்டு. அங்கே காத்திருப்பு இருக்கும். வாராவாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சி.பி.டி. செய்ய அரசாங்கத்தில் ஆட்கள் கொஞ்சம்தான். தினமும் சாப்பிடும் மருந்தை முன்வைத்தால் அது தோல்வி என்று நினைக்காதீர்கள். அதுவும் பேனிக்கைக் குறைக்கும் வழிதான், சில வாரம் பிடிக்கும். நிறுத்தியபின் திரும்ப வருவது சி.பி.டி. முடித்தவர்களிடம் குறைவு என்பது பொதுவான அனுபவம். பையில் இருக்கும் அட்டை வேறு ரகம். அவசரத்துக்குப் போடும் அந்த மாத்திரைகளில் பழக்கமாகிவிடும் வகை உண்டு. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான்.

மில்லுக்குத் தெரியுமா. உங்கள் அனுமதி இல்லாமல் சிகிச்சையாளர் முதலாளியிடமோ கணவரிடமோ சொல்லக் கூடாது. உங்கள் உயிருக்கோ வேறொருவருக்கோ உடனடி ஆபத்து, கோர்ட் உத்தரவு என்றால் விதிவிலக்கு. முதல் நாளே இதை எழுத்தில் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) மட்டும் மருத்துவர்தான் தர முடியும், கவுன்சிலர் தர முடியாது. புது இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஃபாரத்தில் இந்தக் கேள்வி இருந்தால் மறைக்காதீர்கள், பின்னால் கிளெய்ம் செய்யும்போது அதைத்தான் தோண்டுவார்கள்.

நிறுத்தலாமா

உங்கள் உரிமை. எந்தத் தடவையும், காரணம் சொல்லாமல்கூட நிறுத்தலாம். ஆனால் என் கருத்தைக் கேட்டீர்கள்: வாட்ஸ்அப்பில் ‘பிஸி’ என்று போட்டுவிட்டுக் காணாமல் போகாதீர்கள். ஆறாவது தடவை போய், “நாற்காலியில் சுற்றியது எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று புரியவில்லை, நிறுத்த நினைத்தேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதற்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை வைத்து ஏழாவது தடவை போவதா என்று முடிவு செய்யலாம். பொறுமையாகக் கேட்டு, திட்டத்தைத் தாளில் போட்டுக் காட்டினால் இருங்கள். எட்டு ஒன்பது தடவை போயும், வீட்டுப்பாடம் செய்தும் இம்மியும் அசையவில்லையென்றால் அப்போது மாறுவது நியாயம்.

“மனசுல வச்சுக்காம இரு” என்கிற உங்கள் கணவர்மேல் கோபப்படாதீர்கள். பதினான்கு மாதமாக ஒவ்வொரு கடைக்கும் கூட வந்து நிற்கிறாரே, அக்கறை இல்லாதவர் செய்கிற வேலையா அது? ஒரு தடவை அவரையும் உள்ளே கூட்டிப் போங்கள். கையைப் பிடிப்பதைவிட எப்போது விடுவது என்பதை அவரும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குறிக்கோள் என்று தாளில் ஆங்கிலத்தில், பதற்றம் குறைய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, “அடுத்த தைப்பூசத்துக்கு மகளோடு குனோங் சீரோ வரை நடக்கணும்” என்று எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கி ஏணி போடலாம். பாசார் மாலாமின் ஓரத்துக் கடை முதலில், நடுக்கடை அப்புறம். சுரங்கப்பாதை சுமார் 800 மீட்டர், ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். சிகிச்சையாளரோடு பேசி நாள் குறித்தபின், முதல் சில தடவை கணவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். வண்டிக்குள் மூச்சுப் பயிற்சி எதுவும் வேண்டாம். தைலக் குப்பி பின்சீட்டில் இருக்கட்டும். நுழையுமுன் ஒரு வரி, “என்ன ஆகும்னு நெனைக்கிறேன்” என்று எழுதுங்கள். வெளியே வந்ததும் அதன் கீழேயே, என்ன ஆச்சு என்று இன்னொரு வரி.